இல்லாத ஆளை வரைந்தவர்

அவரை நான் முதன்முதலில் பார்த்தது ஒரு புரட்டாசி வியாழக்கிழமை, காலை பதினொன்றே காலுக்கு, உளுந்தூர்பேட்டை பேருந்து நிலையத்தில். அன்று அவர் பாலம் சோதிக்கும் அதிகாரியாக இருந்தார்.

டீக்கடை பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கழுத்துவரை பொத்தான் போட்ட முழுக்கைச் சட்டை, மடியில் சுருட்டிய வரைபடம். என்ன வேலை என்று கேட்டேன். பாலத்துக்கு அடியில் போய் நின்றுகொண்டு, மேலே லாரி போகும்போது காது கொடுத்துக் கேட்பதுதான் வேலை என்றார்.

"சத்தத்துலயே தெரிஞ்சிடும் சார். நல்ல பாலம் முனகும். கெட்ட பாலம் கம்முனு இருக்கும். இந்த வேலையில ஒரே கஷ்டம், எனக்கு ஆடுன்னா பயம். எந்தப் பாலத்துக்கு அடியில போனாலும் எவனாவது ஆடு கட்டி வச்சிருப்பான்."

அந்த ஆட்டில்தான் நான் விழுந்தேன். பொய் சொல்கிறவன் எதற்காக ஆட்டைக் கொண்டுவரப் போகிறான்? அன்று மாலை நாட்குறிப்பில் அவரைப் பற்றி அரைப் பக்கம் எழுதினேன். அது இன்னும் அடிக்கப்படாமல் அப்படியே இருக்கிறது.

பதினாறு நாள் கழித்து, சனிக்கிழமை, கள்ளக்குறிச்சியில் ஓர் உரக்கடை வாசலில் ஏணிமேல் நின்று போர்டு எழுதிக்கொண்டிருந்தார். அதே சட்டை. நான் கீழே நின்று, "யார் சார் நீங்க?" என்றேன்.

திரும்பிப் பார்த்தார். கொஞ்சமும் கலங்கவில்லை. "யாரா இருந்தா உங்களுக்கு சௌகரியம்?" என்றார். பிறகு தூரிகையைக் கொட்டாங்கச்சியில் வைத்துவிட்டு இறங்கி வந்தார். "நீங்க மூனாவது ஆளு சார். உங்களாலதான் ஒரு படம் முடிஞ்சிது. வாங்க, காட்றேன்."

என்னைப் பற்றி ஒரு வரி. நான் சர்க்கரை ஆலை ஒன்றில் நேர அலுவலகத்தில் இருந்தேன்; யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், எத்தனை மணிக்கு வெளியே போனார் என்று எழுதுகிற வேலை. வீட்டிலும் அதுவேதான். மழை, சாவு, புதிதாக விட்ட பஸ், யார் யாரிடம் என்ன சொன்னார் என்பதெல்லாம் பள்ளிக்கூட நாளிலிருந்து தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன். எழுபதுகளின் பிற்பகுதியில் நடந்தது இது. சம்பந்தப்பட்டவர்களில் சிலர் உயிரோடு இருக்கிறார்கள் என்பதால் வருடத்தை மட்டும் விட்டுவிடுகிறேன். மற்றதெல்லாம் குறிப்பில் உள்ளபடி.

அவர் என்னை அழைத்துப்போனது ஒரு போட்டோ ஸ்டுடியோவின் மாடிக்கு. அங்கே நாலைந்து பேர் சேர்ந்து ஒரு கூட்டம் வைத்திருந்தார்கள். வேறாள் கூட்டம் என்று பெயர். இல்லாத ஒருவரை ஒவ்வொருவரும் உண்டாக்க வேண்டும். பெயர், பிறந்த ஊர், வடு, வியாதி, விரோதி எல்லாம் வேண்டும். பிறகு அந்த ஆளாகத் தன்னையே வரைய வேண்டும், அல்லது படம் பிடிக்க வேண்டும். அதோடு தீராது. மாதத்தில் ஒரு நாள் அந்த ஆளாக வெளியூருக்குப் போய் நடமாட வேண்டும். முன்பின் தெரியாத மூன்று பேர் நம்பினால்தான் படம் முடிந்ததாகக் கணக்கு. அதற்குமுன் சுவரில் மாட்டக்கூடாது. சென்னையிலிருந்து வந்த ஒரு சிறு பத்திரிகை ஒருமுறை இவர்களைப் பற்றி நாலு வரி எழுதியது. ஊரில் பைத்தியங்கள் என்றார்கள்.

மற்றவர்களுக்கு அது விளையாட்டு. ஸ்டுடியோக்காரர் தூத்துக்குடி முத்து வியாபாரியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை சின்னசேலம் ரயில் நிலையத்துக்குப் போனார். பெஞ்சில் இருந்தவர் உண்மையான தூத்துக்குடிக்காரர். "எந்தத் தெரு?" என்று அவர் கேட்டதும் நம்மவர் கக்கூஸ் பக்கம் போய், அப்படியே தண்டவாளத்தைத் தாண்டி ஓடிவந்துவிட்டார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். என்னை அழைத்து வந்தவர் மட்டும் சிரிக்கவில்லை.

"நீ ஏன்ணே ஓடன?"

"மாட்டிகினேன்ல! வேற இன்னா பண்ணச் சொல்ற?"

"நீ மாட்டிகின. முத்து வியாபாரி மாட்டிக்கலியே. அவரு இந்நேரம் அந்தாளுகூட உக்காந்து ஊர்க்கதை பேசிக்கினு இருந்திருப்பாரு. பாவம், பாதியில வுட்டுட்டு வந்துட்டியே."

ஸ்டுடியோக்காரரின் சிரிப்பு நின்றுவிட்டது.

போர்டு எழுதுகிறவரின் சொந்தப் பெயர் கூட்டத்தில் யாருக்கும் தெரியாது. போர்டுக்காரர் என்போம். ஊரில் எல்லாக் கடைக்கும் பெயர் எழுதியவர், தன் கடைக்கு மட்டும் எழுதவில்லை. பழைய போர்டுத் தகரத்தைச் சுரண்டி அதன்மேல் எனாமல் பெயின்டால் வரைவார். நான் சேர்ந்தபோது மாடிச் சுவரில் அவருடைய தகரங்கள் ஆறு. பாலம் சோதிப்பவர், சர்க்கஸ் சமையல்காரர், பிள்ளையைப் பறிகொடுத்த நாதஸ்வரக்காரர் என்று ஆறு பேர். ஆறும் அவர் முகம்தான், ஆனால் ஒன்றைப் பார்த்த கண்ணோடு அடுத்ததைப் பார்த்தால் யாரோ போலிருக்கும். ஒவ்வொருவருக்கும் ஒரு குறை வைத்திருப்பார். ஒருவருக்கு நகம் இல்லை, ஒருவருக்கு எழுத வராது. "பொய்க்கு ஒரு சொத்தைப் பல்லு வேணும் சார். வரிசையா பல்லு இருந்தா எவனும் நம்ப மாட்டான்" என்பார். சர்க்கஸ் சமையல்காரருக்குக் கத்தரிக்காய் ஆகாது என்று தகரத்தில் எழுதிய நாளிலிருந்து இவரும் கத்தரிக்காயைத் தொடுவதில்லை. நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். இலை ஓரத்தில் ஒதுக்கிவிடுவார்.

"உங்க படம் எங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அந்தாளா? மூனு பேரு தேற மாட்டாங்க சார்" என்றார்.

எனக்குக் கூட்டத்தில் ஒரு வேலை கிடைத்தது. உண்டாக்குகிற ஆட்களுக்குத் தேதி கொடுப்பது. இன்ன ஐப்பசியில் இன்ன கிழமை மழை பெய்ததா, அன்று சந்தை உண்டா என்று கேட்பார்கள். நான் பழைய நோட்டுகளைப் புரட்டிச் சொல்வேன். இல்லாதவர்கள் பொய்யான கிழமையில் பிறக்கக்கூடாது என்பதில் எனக்கு ஒரு பிடிவாதம் இருந்தது.

ஏழாவது தகரத்துக்கு அவர் கேட்டது ஒரு மலைக்காரர். "கல்ராயன் மலையிலேந்து எறங்கி வந்த ஆளு சார். எறங்கினவரு திரும்பலை. எந்த நாளு, எப்பிடி, இத மட்டும் குடுங்க."

நான் யோசிக்கவே இல்லை. பதினோரு வருடத்துக்கு முந்தைய நோட்டு ஒன்றில் ஒரு குறிப்பு இருந்தது. ஐப்பசி, வெள்ளிக்கிழமை, சந்தை நாள், நல்ல மழை. கரியாலூர்ப் பக்கத்து ஆள், இடது காதின் மடல் கிழிந்தவர், புளி மூட்டையை மண்டி வாசலில் வைத்து, டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று போனார்; சாயந்திரம்வரை வரவில்லை; மூட்டை அங்கேயே இருக்கிறது. இவ்வளவுதான். வரிக்கு வரி படித்துக் காட்டினேன். யாரோ எப்போதோ விட்டுப்போன மூட்டை. அதற்குப் பின்னால் ஒரு வீடு இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. எல்லாவற்றையும் எழுதுகிறவன் செய்யக்கூடாத தவறு அது.

அவர் அந்தக் குறிப்பை மேலே வளர்த்தார். தகரத்தில் இருந்தவருக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது. கிழிந்த காது, புருவத்தில் வெள்ளைத் தூள், வெந்து கறுத்த விரல்கள். கீழே எழுதியிருந்தது இது: ஐப்பசி வெள்ளிக்கிழமை புளி மூட்டையை மண்டி வாசலில் விட்டுவிட்டு, மழைக்கு ஒதுங்கிய லாரியில் ஏறிப்போய், தெற்கே சுண்ணாம்புக் கல் சுடுகிற ஒரு காளவாயில் வேலைக்கு நின்றுவிட்டார், முதல் வாரமே திரும்பியிருக்கலாம், இரண்டாவது வாரம் வெட்கமாகிவிட்டது, இப்போது ஊர்ப் பெயரை யாராவது சொன்னால் எழுந்து போய்விடுகிறார். மூன்று பேர் நம்புவதற்கு அவருக்கு ஒரே நாள் போதுமாயிருந்தது. கார்த்திகை மாதம் தகரம் சுவருக்கு வந்தது. நன்றாயிருக்கிறது என்று ஸ்டுடியோக்காரர் அதைக் கீழே தெருவைப் பார்த்த கண்ணாடி அலமாரியில் வைத்தார்.

மார்கழியில் ஒரு திங்கட்கிழமை, பத்தரை மணிக்கு, ஓர் அம்மா அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நின்றார். நாற்பதுக்குள் இருக்கும். மகளுக்குக் கல்யாணச் சேலை எடுக்க மலையிலிருந்து இறங்கி வந்தவர். நானும் போர்டுக்காரரும் உள்ளே இருந்தோம். அந்த அம்மா வெகுநேரம் நின்றுவிட்டு, உள்ளே வந்து, எழுதியிருப்பதைப் படிக்கச் சொன்னார். ஸ்டுடியோக்காரர் பெருமையாகவே படித்தார். படித்து முடித்தபோது அந்த அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மொகம் அவுரில்லைங்க. காது அவுரு. அந்த வெள்ளிக்கெழம அவுரு. புளி மூட்ட எங்க வூட்டுப் புளி" என்றார்.

சுவரை விட்டுவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"பதினோரு வருசமாச்சிங்க. தையில பொண்ணுக்குக் கல்யாணம். அப்பன் எடத்துல யாரு நிக்கறதுன்னு ஊரு கேக்குது. அவுரு இருந்தா அந்த எடத்த காலியா வுடணும். இல்லன்னா நான் தாலிய எறக்கிட்டு கொழுந்தனார நிக்க வைக்கணும். எங்க வழக்கம் அது. இருக்காரா, இல்லியா? அத மட்டும் சொல்லுங்க சாமி."

ஸ்டுடியோக்காரர் போர்டுக்காரரைப் பார்த்தார். உண்மையைச் சொல்லிவிடு என்று கண்ணாலேயே கெஞ்சினார். நான் நாட்குறிப்பைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வாக்கியத்துக்கு வாய் திறக்கவில்லை.

போர்டுக்காரர் எழுந்து நின்று, "இருக்காரும்மா" என்றார்.

அந்த அம்மாவின் முகம் போன போக்கை நான் எழுதிப் பார்த்தேன், சரியாக வரவில்லை. "அப்ப கல்யாணத்துக்கு எப்பிடியாச்சும் கூட்டினு வாங்க" என்று நாள் சொல்லிவிட்டுப் போனார். வாசலில் பூக்காரியிடம் இரண்டு முழம் வாங்கி அங்கேயே வைத்துக்கொண்டதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தோம்.

"ஏன்யா இப்பிடிப் பண்ண?" என்றார் ஸ்டுடியோக்காரர்.

"அவங்களுக்கு எது சௌகரியமோ அதச் சொன்னேன்."

"சௌகரியமா? கல்யாணத்துக்கு எவனக் கூட்டினு போவ? உன் தகரத்தையா?"



கல்யாணம் தை மூன்றாவது புதன்கிழமை. அவர் தனியாகப் போவதாக இருந்தார். நான் கூடப் போனேன். கச்சிராயபாளையம்வரை பஸ், அதன்மேல் ஜீப், கரியாலூரில் இறங்கி நடை. சாமை அறுத்த கொல்லைகள். அவர் எனக்கு முன்னால், திரும்பிப் பாராமல் நடந்தார். ஒரு முறை மட்டும், "வந்திருப்பாரு சார். எனக்குத் தெரியும், வந்திருப்பாரு. காலு முடியலை" என்றார். யாரைச் சொல்கிறார் என்று எனக்கு உடனே புரியவில்லை. தகரத்தில் இருப்பவரை என்று புரிந்தபோது திரும்பிவிடலாமா என்று நினைத்தேன்.

பந்தலில் மணமகளுக்குப் பக்கத்தில் ஒரு பாய் காலியாக விரித்திருந்தது. ஊர்க் கவுண்டர், அந்த மலையூரின் பெரியவர், எங்களை முன்னால் உட்காரவைத்துக் கேட்டார்.

"எங்காளப் பாத்தீங்களாமே?"

"பாத்தேங்க" என்றார் போர்டுக்காரர்.

"நல்லா இருக்கானா?"

"காலு சுண்ணாம்புல வெந்துபோச்சிங்க. நடக்க முடியலை." அவர் சொல்லச் சொல்லப் பந்தலே கேட்டது. காளவாய்ப் பக்கத்துக் குடிசை, கட்டிலுக்குக் கீழே வைத்திருக்கிற மலைப் புளியங்கொட்டை, தூக்கத்தில் மகளைக் கூப்பிடுகிற குரல். கிழவிகள் அழுதார்கள். ஊர் முழுக்க நம்பியது.

கவுண்டர் மட்டும் அழவில்லை. "காலு எப்ப வெந்துது?"

"போன வருசங்க."

"அதுக்கு முன்னாடி பத்து வருசம் காலு இருந்துதில்ல?"

கவுண்டர் அந்த அம்மாவைக் கைகாட்டினார்.

"இந்த பொம்பள ரெண்டு புள்ளைய வச்சிக்கினு கூலிக்குப் போனா. தினம் வழியப் பாத்தா. செத்திருப்பான், மழையில அடிச்சிகினு போயிருக்கும்னுதான் நாங்க நெனச்சோம். செத்திருந்தா கும்புட்டிருப்போம். இருந்துகினே வராதவன் எங்களுக்கு எதுக்கு?" கவுண்டர் எழுந்து காலிப் பாயைச் சுருட்டினார். "இவன் பேரு இந்த ஊருல இனி கெடையாது. தாலிய எறக்கும்மா. அறுத்துகினவளா இல்ல, வுட்டுட்டுப் போனவன் பொண்டாட்டியா எறக்கு. கல்யாணம் அப்பறம் நடக்கட்டும்."

போர்டுக்காரர் துள்ளி எழுந்தார். "ஐயா, வேணாங்க! நான் சொன்னது பொய்ங்க. அவர நான் பாத்ததே இல்லை. நான் போர்டு எழுதறவன். அந்தப் படத்துல இருக்கறது என் மூஞ்சி. காளவாயி, குடிசை எல்லாம் நான் கட்டனதுங்க."

"நீ யாரு?"

அப்போதுதான் அவர் சொன்னார். தன் பெயர், தகப்பன் பெயர், பிறந்த ஊர், எந்தத் தெரு. நான்கையும் ஒன்றன்பின் ஒன்றாக. அவருடைய குரலே வேறாக, தடுக்கித் தடுக்கி வந்தது. இத்தனை நாளில் முதல் முறையாக எனக்கு அந்தப் பெயர் தெரிந்தது. நோட்டில் இருக்கிறது, இங்கே எழுதவில்லை.

கவுண்டர் கேட்டுக்கொண்டு, தலையை ஆட்டினார். "கூட்டாளியக் காப்பாத்த நல்லாதான் சொல்ற. பேரக்கூட மாத்திச் சொல்ற." என் பக்கம் திரும்பினார். "நீங்க இன்னா சொல்றீங்க?"

"அவர் இப்ப சொன்னதுதாங்க உண்மை" என்றேன்.

"நீங்களும் அவரு கூட வந்தவருதான" என்றார் ஒருவர். பந்தலில் சிலர் சிரித்தார்கள்.

அந்த அம்மா யாரையும் கிட்ட விடவில்லை. தானே கழற்றி, ஒரு பித்தளைச் சொம்புத் தண்ணீரில் போட்டுவிட்டு, மகளுக்குத் தலை வாரப் போனார். கொழுந்தனார் நின்றார். கல்யாணம் நடந்தது. எங்களுக்கும் சோறு போட்டார்கள்.

நாங்கள் ஜீப்புக்கு நடக்கையில் அந்த அம்மா பின்னால் வந்தார். "நீங்க கடைசியில சொன்னீங்களே, அது எனக்கு நெசம்னு பட்டுது" என்றார்.

போர்டுக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அப்ப அவுரு இருக்காரா, இல்லியா?"

"தெரியலம்மா."

"தெரியலன்னா போய்ப் பாருங்க. நீங்கதான அவுருக்கு ஊரு குடுத்தீங்க. நான் சும்மாதான இருந்தேன்." கோபமாகச் சொல்லவில்லை. கடையில் விட்ட பொருளை எடுத்துவரச் சொல்வதுபோல் சொன்னார்.

மாசி மாதம் முதல் வாரத்தில் போர்டுக்காரர் கள்ளக்குறிச்சியை விட்டுப் போனார். ஆறு தகரத்தையும் சுரண்டி வெறுந்தகரமாக்கி ஸ்டுடியோவில் சாத்தி வைத்துவிட்டு, ஏழாவதை மட்டும் துணியில் சுற்றி எடுத்துப்போனார். அதோடு கூட்டமும் கலைந்தது. கொஞ்ச நாள் கழித்து எனக்கு ஒரு தபால் கார்டு வந்தது. மேலே தேதி, ஒரு காளவாய் ஊரின் பெயர். நடுவில் ஒரே வரி: "இங்கே இல்லை." கீழே அவருடைய சொந்தக் கையெழுத்து. ஓரிரு மாதத்துக்கு ஒன்று என்று வந்துகொண்டிருந்தது. தெற்கே காளவாய் இருக்கிற ஊர்களை ஒவ்வொன்றாக, வரிசை தப்பாமல் பார்த்துக்கொண்டு போகிறார் என்பது தெரிந்தது.

ஸ்டுடியோக்காரருக்குத் தெரிந்த லாரி டிரைவர் ஒருவர் அவரை ஒரு காளவாய் வாசலில் பார்த்திருக்கிறார். "தகரத்த நீட்டிக்கினு இந்தாளப் பாத்தீங்களான்னு கேக்கறாருண்ணே. பாக்கறவன் தகரத்தப் பாக்கறான், அவரு மூஞ்சியப் பாக்கறான். இன்னாய்யா, கண்ணாடியில தொலஞ்சிட்டியான்னு சிரிக்கறானுங்க. அவரு கோவிச்சிக்க மாட்றாரு. காதப் பாருங்க, காதப் பாருங்கன்றாரு."

கார்டு வரும்போதெல்லாம் நான் மலைக்குப் போய் அந்த அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அது என்னால் முடிந்தது. புளி மூட்டைக் குறிப்பு என் நோட்டிலிருந்து போனது என்பதை மட்டும் கடைசிவரை சொல்லவில்லை. "எந்த ஊரு?" என்று கேட்பார். சொல்வேன். "சரி, அங்க இல்லை" என்பார், ஒரு வேலை முடிந்தவர் மாதிரி. ஒருமுறை, "அவுரு தேடிக்கினு இருக்கற வரைக்கும் இவுரும் எங்கியோ இருக்காருன்னுதான வச்சிக்கணும்? ஊரு இன்னா வேணா சொல்லட்டும்" என்றார். கழுத்தில் ஒன்றும் இல்லை. ஆனால் நெற்றியில் பொட்டு வைத்திருந்தார்.

மொத்தம் பதின்மூன்று கார்டுகள். பதின்மூன்றாவது மறு வருடம் வைகாசியில் வந்தது. அதன்பின் ஆனி, ஆடி, ஆவணி எதுவும் இல்லை. பதின்மூன்றாவது கார்டின் ஊருக்கு நான் போய் விசாரித்தேன். தகரத்தோடு ஒருவர் வந்தது உண்மை, கிழக்கே நடந்து போனதாகச் சொன்னார்கள். அதற்கு அடுத்த ஊரில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

புரட்டாசியில் அந்த அம்மாவின் மருமகன் சந்தைக்கு வந்தபோது ஆலை வாசலில் என்னைப் பார்த்து, "அத்த கேக்கறாங்க, கார்டு வரலியான்னு. ஒடம்பு முடியல அவங்களுக்கு" என்றான்.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை நான் தபால் நிலையத்தில் ஒரு வெற்றுக் கார்டு வாங்கினேன். தேதி போட்டேன். "இங்கே இல்லை" என்று எழுதினேன். கையெழுத்தை அவருடையதைப் போலவே போட நாலைந்து முறை வேறு தாளில் பழகிப் பார்த்தேன். அந்த அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது; பழக வேண்டிய அவசியமே இல்லை. அன்றைய நாட்குறிப்பில் "கார்டு வந்தது" என்று எழுதியிருக்கிறேன். என் நோட்டுகளில் தெரிந்தே எழுதிய பொய் அந்த ஒன்றுதான் என்று சொல்லத்தான் ஆசை. அதற்குப் பின் இன்னும் ஏழு கார்டுகள் வந்ததாக எழுதியிருக்கிறது.

மலைக்குப் போனேன். அந்த அம்மா கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்தார். படித்துக் காட்டினேன்.

"எந்த ஊரு?"

ஒரு ஊர்ப் பெயரைச் சொன்னேன்.

மருமகனைக் கூப்பிட்டு, அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டார். அவன் கை காட்டினான். கட்டிலைத் திருப்பிப் போடச் சொல்லி, அந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.